மியூனிக் வீட்டைக் காலி செய்து பெர்லின் வீட்டுக்குப் போகும் நாள்: எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை, வசிப்பு அனுமதி) வேலைக்கு வந்து, மியூனிக்கில் கம்பெனி பிடித்துக் கொடுத்த ஃபர்னிஷ்டு வீட்டில் மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் இருக்கிறீர்கள். புராஜெக்ட் பெர்லினுக்கு மாறிவிட்டது. இந்த வீட்டை அக்டோபர் 31 காலை 10 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். பெர்லினில் நொய்கோல்ன் பகுதியில் ஐந்து மாதத்துக்கு உள்வாடகைக்கு, அதாவது அங்கே வாடகைக்கு இருப்பவரிடமிருந்தே வாடகைக்கு, ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அதன் சாவி நவம்பர் 1 பிற்பகல் 3 மணிக்குத்தான். கையில் ஐந்து பெரிய பெட்டிகள், ஒரு ஸ்ட்ரோலர். எந்த ரயிலில் போவது, இத்தனை பெட்டியையும் ஏற்ற விடுவார்களா, ஐந்து மாதம்தானே, அங்கே போய் அரசு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரயிலும் பெட்டியும் கொஞ்சம் காசு செலவழித்தால் தீர்ந்துவிடும். உண்மையான சிக்கல், நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் இருக்கும் 29 மணி நேரம். வேலைக்காக வருகிறவர்களை ஜெர்மனியில் குடியேற்றி வைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வீடு மாறும் நாளில் குடும்பங்கள் உடைந்துபோவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பழைய சாவியைக் கொடுத்தாயிற்று, புதுச் சாவி இன்னும் வரவில்லை, குழந்தை தோளில் தூங்குகிறது, பெட்டிகள் நடைபாதையில் நிற்கின்றன. அதனால் அந்த நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். பெர்லின் சாவி எப்போது கைக்கு வரும் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அதை வைத்து ரயில், அப்புறம் மியூனிக் ஒப்படைப்பு, கடைசியாகப் பெட்டி.

இந்த இடைவெளி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. இங்கே வாடகை ஒப்பந்தங்கள் மாதக் கடைசியில் முடிந்து ஒன்றாம் தேதி தொடங்குவதுதான் வழக்கம். வீட்டுக்காரர் பெருக்கித் துடைக்க நேரம் வேண்டும் என்று இந்தப் பக்கம் காலையையும், அந்தப் பக்கம் பிற்பகலையும் எழுதிவிடுவார். ஒரு இரவு நடுவில் தொங்கும். அந்த இரவை விலைக்கு வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. எந்தப் பக்கம் வாங்குவது? என்னைக் கேட்டால் பெர்லின் பக்கம். உள்வாடகைக்கு விடுகிறவர் எங்கேயோ வெளியூர் போகிறவர். பல நேரம் 30ஆம் தேதியே கிளம்பிவிடுவார், வீடு சும்மாதான் இருக்கும். "மாத வாடகையை முப்பதால் வகுத்து ஒரு நாளுக்கு உண்டானதைத் தருகிறேன், 31 மாலையே சாவி கொடுக்க முடியுமா" என்று கேட்டால் சம்மதிப்பவர்கள் நிறைய. அவர் சம்மதித்தால் அதை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனில் சொன்ன 'சரி' மட்டும் போதாது.

மியூனிக் பக்கம் ஒரு நாள் கூட்டி, நவம்பர் 1 காலையில் கிளம்பினால் என்ன என்று தோன்றும். அதில் ஒரு சங்கடம் உண்டு. நவம்பர் 1 பவேரியாவில் அரசு விடுமுறை, பெர்லினில் இல்லை. அதாவது, மியூனிக்கில் வீட்டைப் பார்த்து வாங்கிக்கொள்ள நிர்வாகத்தின் ஆள் வருவாரா என்பதே கேள்வி, கடைகளும் மூடியிருக்கும். அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் தாராளமாகச் செய்யலாம். இரண்டு பக்கமும் முடியாது என்றால் 31 இரவுக்கு பெர்லினில் ஒரு ஹோட்டல். அதையும் மெயின் ஸ்டேஷன் அருகில் போடாமல் ஜூட்க்ராய்ட்ஸ் ஸ்டேஷன் பக்கம் போடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். குழந்தைக்குத் தொட்டில் கட்டில் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இப்போது மியூனிக் வீடு. காலை 10 மணி என்பது நீங்கள் கிளம்பும் நேரம் இல்லை, ஒப்படைப்பு முடிந்திருக்க வேண்டிய நேரம். அதனால் 8.30 அல்லது 9 மணிக்கு ஆளை வரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அப்போது அவர் சுட்டிக்காட்டுவதைச் சரிசெய்ய உங்களுக்கு நாள் இருக்கும். 31 காலையில் சொன்னால் டெபாசிட்டில் கழிக்கத்தான் செய்வார். நம்மவர்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று விஷயம். வெள்ளை மேடையில் மஞ்சள் கறை, அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறைக் கண்ணாடியில் உப்புப் படிவு. மஞ்சள் கறை வெளிச்சத்தில் தானாகவே மங்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, திரையை விலக்கி நாலைந்து நாள் வெயில் படும்படி விட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாததற்காகச் சுரண்டும் பஞ்சைப் போட்டுத் தேய்க்காதீர்கள், கறையைவிடக் கீறலுக்குத்தான் அதிகம் கழிப்பார்கள்.

புகைபோக்கியின் கீழ்ப்பக்கம் கம்பிவலை போல ஒரு ஃபில்டர் இருக்கும். ஓரத்தில் உள்ள பிடியை அழுத்தினால் கையோடு கழன்று வரும். தினமும் தாளித்த வீடு என்றால் அது பழுப்பேறி, தொட்டால் விரல் ஒட்டும். உலோக ஃபில்டராக இருந்தால் டிஷ்வாஷரிலேயே போடலாம். கரி அடைத்த ஃபில்டரைப் போடக் கூடாது, அதை மாற்றத்தான் வேண்டும். மியூனிக் தண்ணீர் நல்ல கடின நீர். கெட்டிலின் அடியிலும் ஷவர் கண்ணாடியிலும் படிந்திருக்கும் வெள்ளைக்கு, கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் பொடி போதும். குளியலறையில் மார்பிள் பதித்திருந்தால் மட்டும் அதன் மேல் பட விடாதீர்கள், அமிலம் கல்லை அரித்துவிடும். ஒப்பந்தத்தில் கடைசிச் சுத்தத்துக்கு என்று தனியாக ஒரு தொகை எழுதியிருந்தால் இவ்வளவும் தேவைப்படாது. ஆனாலும் ஃபில்டரையும் கறையையும் பார்த்துவிடுங்கள், அவற்றைச் சிலர் 'சேதம்' கணக்கில் சேர்க்கிறார்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள், மீட்டரில் என்ன எண், எங்கே என்ன குறை என்று அதில் இருக்கும். நீங்கள் ஒத்துக்கொள்ளாத வரி எதுவும் இருந்தால் பக்கத்திலேயே "ஏற்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தே போடக் கட்டாயம் இல்லை, ஆனால் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு அறையையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். மீட்டரைத் தனியாகப் படம் எடுங்கள். சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே போடுங்கள். இங்கே பல கட்டடங்களில் வாசல் கதவு, வீட்டுக் கதவு, நிலவறை எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு அமைப்பு. ஒரு சாவி தொலைந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவு பெரிது. உங்கள் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டில் (பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) சாவி தொலைவது சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

டெபாசிட் விஷயத்தில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். அடிப்படை வாடகையில், அதாவது கரண்ட், ஹீட்டர் செலவெல்லாம் சேராத வாடகையில், மூன்று மாதத்துக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இது சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவு. பெர்லினில் மொத்தமாக முன்பணம் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மியூனிக் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதற்குச் சட்டத்தில் தேதி கிடையாது. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை பிடித்து வைப்பது சாதாரணம். ஆகவே பெர்லின் டெபாசிட்டை மியூனிக் பணத்தில் கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கம்பெனிதான் கட்டியது என்றால், யார் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரயிலுக்கு வருவோம். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2017 டிசம்பரில் எர்ஃபுர்ட் வழியாகப் புது அதிவேகப் பாதை முழுதாகத் திறந்த பிறகுதான் இந்த நேரம் சாத்தியமானது. அதற்கு முன் ஆறு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ஒப்படைப்பு 9 மணிக்கு என்றால் 12 மணிக்கு அப்புறம் கிளம்பும் வண்டியைப் போடுங்கள். ஒப்படைப்பு இழுத்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடும் நிலை வரக் கூடாது. டிக்கெட்டில், விலை குறைந்த 'ஷ்பார்பிரைஸ்' அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும், வண்டியைத் தவறவிட்டால் போச்சு. ஆனால் போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம்; அவர்கள் கையில் இல்லாத காரணங்கள் சிலவற்றுக்கு இது பொருந்தாது.

தாமதத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2024இல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானவை நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. ஆகவே பெர்லினில் சாவி கொடுப்பவரிடம் "4.30க்கு இறங்குவேன், 5 மணிக்கு வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். ரயில் வர வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லுங்கள், அவர் ஃபோன் நம்பரோடு அக்கம்பக்கத்தில் சாவி வாங்கக்கூடிய இன்னொருவர் பெயரையும் கேட்டு வையுங்கள். நான் இந்த வேலையில் பார்த்தவரை, கெட்டுப்போன நாட்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஃபோன் நம்பரால் காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். டிக்கெட் வேண்டாம் என்பதற்காக சீட் ரிசர்வ் செய்யாமல் விடாதீர்கள். நான்கு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொள்ள முடியாது. ஐசிஇ வண்டிகளில் சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கென்று கதவு வைத்த தனி அறை இருக்கும், ஸ்ட்ரோலர் நிறுத்த இடமும் கிடைக்கும். எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் இன்றைக்கே பாருங்கள். அக்டோபர் 31 பெர்லினிலும் பவேரியாவிலும் வேலைநாள் என்றாலும், வழியில் வரும் துரிங்கியா, சாக்சனி மாநிலங்களில் விடுமுறை. கூட்டம் இருக்கும்.

பெட்டிகள். விதிப்படி ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பை. விமானம்போல எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நீங்களே தூக்கி ஏற்றி, நீங்களே வைக்க வேண்டும். நடைமுறையில் இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது: ஒருவர் குழந்தையைப் பிடித்திருக்கும்போது மற்றவர் ஒரே நடையில் எத்தனை பெட்டியைத் தள்ள முடியும்? இரண்டு. ஐந்தை வைத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் பாதியை விட்டுவிட்டு மீதியை ஏற்றி இறங்கி வருவது வேண்டாம். மூன்று பெட்டியில் இருப்பதை அட்டைப் பெட்டிகளில் கட்டி டிஎச்எல் பார்சலில் அனுப்பிவிடுங்கள். ஒரு பார்சல் 31.5 கிலோ வரை, 120-க்கு 60-க்கு 60 செ.மீ. வரை உள்நாட்டில் போகும். காலியான சூட்கேஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் எடுத்துச் செல்ல இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பார்சலுக்கு 500 யூரோ வரைதான் பொறுப்பு ஏற்பார்கள். ஆகவே பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, கல்யாண, பிறப்புச் சான்றிதழ்களின் அசலும் மொழிபெயர்ப்பும், நகை, லேப்டாப், மருந்து எதையும் அதில் வைக்காதீர்கள். இவை எல்லாம் ஒரே ஒரு தோள்பையில். அந்தப் பை யார் தோளில் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள், நாள் முழுக்க அவரிடமே இருக்கட்டும்.

அந்தப் பார்சலைப் புது வீட்டு முகவரிக்கு அனுப்பலாமா என்றால், உங்கள் பெயர் அந்த வாசலில் ஒட்டப்படும்வரை வேண்டாம். ஜெர்மனியில் கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது. கட்டட எண்ணுக்கு அப்புறம் எல்லாமே அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் இருக்கும் பெயரை வைத்துத்தான். பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் பெர்லின் ஆபீஸ் முகவரிக்கு, அங்கே வாங்கிக்கொள்ளச் சம்மதித்த ஒருவர் பெயரைச் சேர்த்து அனுப்புவது நல்லது. இல்லையென்றால் புது வீட்டுக்குப் பக்கத்துத் தபால் கிளைக்கே நேராக அனுப்பலாம். ஏழு நாள் வைத்திருப்பார்கள். இன்னொரு வழி, உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டவர் பெயர் வாசலில் ஏற்கெனவே இருப்பதால் அவர் பெயரைப் போட்டு "வழி" என்று குறிப்பிட்டு அனுப்புவது. அதற்கு ஜெர்மானியர்கள் 'பை' (bei) என்று எழுதுவார்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேன் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் போகலாமே என்று கீழே கமென்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்திய லைசன்ஸ் நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அது தாண்டியிருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். தாண்டாவிட்டாலும், குழந்தையோடு 580 கிலோமீட்டருக்கு மேல், பழக்கமில்லாத பெரிய வண்டி. நான் ஒப்ப மாட்டேன்.

பெர்லினில் இறங்கும் இடம் முக்கியம். மியூனிக்கிலிருந்து வரும் பெரும்பாலான ஐசிஇ வண்டிகள் மெயின் ஸ்டேஷனுக்கு முன்னால் ஜூட்க்ராய்ட்ஸில் நிற்கும். உங்கள் வீடு நொய்கோல்னில் என்பதால் அங்கேயே இறங்கிவிடுங்கள், டிக்கெட்டையும் அங்கே வரைக்கும் போடுங்கள். மெயின் ஸ்டேஷன் பல தளங்கள் கொண்டது. மியூனிக் வண்டி அடித்தளத்துக்கு வரும், நகர ரயில் மேல் தளத்திலிருந்து போகும். நடுவில் கண்ணாடி லிஃப்ட். ஸ்ட்ரோலரோடும் பெட்டியோடும் அதற்கு வரிசையில் நின்று ஏறுவதற்குள் குழந்தை அழுதுவிடும். ஜூட்க்ராய்ட்ஸிலிருந்து வட்டப்பாதை ரயில் எஸ் 42வில் ஏறினால் டெம்பல்ஹோஃப், ஹெர்மன் ஷ்ட்ராஸ, அதற்கடுத்தது நொய்கோல்ன். மூன்றே ஸ்டாப். டாக்சி என்றால் பெரிய வண்டியும் குழந்தை இருக்கையும் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். சாவி இன்னும் வரவில்லை என்றால் பெரிய ஸ்டேஷன்களில் லாக்கர் இருக்கிறது. பெட்டியை அதில் போட்டுவிட்டு எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

புது வீட்டுக் கதவுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே வீட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளிப்பக்கம் திருப்பும் கைப்பிடி இருக்காது. முதல் இரவில் ஒருவர் குப்பை போடப் போவார், இன்னொருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னவென்று பார்க்க வெளியே வருவார், காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளும். இரவில் பூட்டுத் திறக்க வருகிறவர்கள் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பதுண்டு. இரண்டு சாவி வாங்கி, ஆளுக்கொன்று கழுத்திலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, எந்தப் பெட்டியையும் திறக்காமல், அறை அறையாக ஒரு வீடியோ. ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாம் அதில் வரட்டும். அன்றே உள்வாடகைக்கு விட்டவருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் தபால்பெட்டியில் உங்கள் மூன்று பேரின் குடும்பப் பெயரும். நம்மில் பலருக்குக் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும். மூன்றையும் ஒட்டுங்கள். மனைவி பெயருக்கு வரும் இன்ஷூரன்ஸ் அட்டையும் பேங்க் பின் நம்பர் கடிதமும் இதனால்தான் காணாமல் போகின்றன. பழைய முகவரிக்கு வரும் தபாலைத் திருப்பிவிட டாய்ச்ச போஸ்ட்டில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. மாறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

முதல் இரவுக்கான பையில் என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சேர்க்கச் சொல்வது கொஞ்சம் அரிசி, பருப்புப்பொடி, உப்பு, ஒரு சின்னப் பாத்திரம், டாய்லெட் பேப்பர், குழந்தை தினமும் தூங்கும் போர்வை. போர்வையைப் பார்சலில் போட்டுவிடாதீர்கள்.

முகவரிப் பதிவு பற்றி. "ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால் பதிய வேண்டாம்" என்று வாட்ஸாப் குரூப்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது ஜெர்மனியில் வேறொரு வீட்டை வைத்துக்கொண்டு, அங்கே பதிவிலும் இருந்துகொண்டு, தற்காலிகமாக இன்னொரு வீட்டில் தங்குகிறவர்களுக்கு. நீங்கள் மியூனிக் வீட்டை விட்டுவிட்டு வருகிறீர்கள். ஆகவே குடிபோன நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெர்லினில் பதிய வேண்டும். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. குடிபோவதற்கு முன்பே பதியவும் முடியாது. மியூனிக்கில் போய்ப் பெயர் நீக்க வேண்டியதில்லை, பெர்லின் அலுவலகமே அங்கே தெரிவித்துவிடும். பெர்லினில் எந்த வட்டாரத்து பியூர்கர்ஆம்ட்டிலும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) பதியலாம், உங்கள் வட்டாரத்திலேயே என்று தேட வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரத்துக்குள் கிடைக்காமல் போவது சகஜம். நடைமுறையில், குறித்த காலத்துக்குள் முன்பதிவு செய்ததற்கான சான்று கையில் இருந்தால் தொல்லை கொடுப்பதில்லை; இது அலுவலகத்தின் பெருந்தன்மை, உங்கள் உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதியப் போகும்போது வாடகை ஒப்பந்தம் போதாது. நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். உள்வாடகையில் அதைக் கொடுக்க வேண்டியவர் உங்களுக்கு வீடு விட்ட முதல் குடித்தனக்காரர். அவர் தயங்கினால், வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் உங்களுக்கு விட்டிருக்கிறார் என்று சந்தேகப்பட இடம் உண்டு. அனுமதி இல்லையென்றால் உரிமையாளர் அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், அதோடு உங்கள் வீடும் போகும். ஆகவே டெபாசிட் அனுப்புவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: பதிவுப் படிவம் தருவீர்களா, உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தின் நகல் அனுப்ப முடியுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத வீட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். பொது வானொலி, தொலைக்காட்சிக்காகக் கட்டும் ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. ஐந்து மாதமும் அவரே கட்டுகிறாரா, உங்களை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாரா என்பதையும் இதோடு கேட்டுவிடுங்கள்.

நான் வக்கீல் இல்லை. மேலே சொன்ன சட்ட விஷயங்கள் தினமும் கையாளும் பொதுவான நிலவரம். உங்கள் ஒப்பந்தத்தின் வரிகளைப் பார்க்காமல் அதற்கு மேல் போக மாட்டேன். டெபாசிட்டில் தகராறு வந்தால் வாடகைதாரர் சங்கத்தில் சேருங்கள், உறுப்பினர்களுக்கு அங்கே வக்கீலே ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: உங்கள் மூவரின் ரெசிடென்ஸ் கார்டும் எந்தத் தேதி வரை? ஊர் மாறினால் உங்கள் கோப்பு மியூனிக்கிலிருந்து பெர்லின் குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டும், அது ஒரே வாரத்தில் நடப்பதில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை, பதிவு முடிந்ததும் கார்டில் முகவரியை மாற்றினால் போதும். அடுத்த சில மாதங்களில் முடிகிறது என்றாலோ, மியூனிக்கில் ஏற்கெனவே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து அது நிலுவையில் இருந்தாலோ, வீட்டைக் காலி செய்வதற்கு முன் கம்பெனியின் குடியேற்ற வக்கீலிடம் பேசி, எந்த ஊர் அலுவலகம் முடிவெடுக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேதியைக் கீழே போடுங்கள், அதற்கேற்ப மீதியைச் சொல்கிறேன்.